ஆளுகையும் பணிவும் விரும்புவோர் ஓய்வில் எதை வாசிக்கிறார்கள்? யாழ்ப்பாணத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்காக எழுதப்பட்டது?

18 வயது நிறைந்த, கதைப்புத்தகம் வாசிப்பதில் ஆசையுள்ள, ஆளுகையும் பணிவும் கலந்த காதல் உறவுகளின்மேல் நாட்டம் கொண்ட தமிழ் வாசகர்களுக்காக எழுதப்பட்டது. ஒருவர் முழு விருப்பத்தோடு மற்றவரின் சொல்லுக்குத் தம்மை ஒப்புக்கொடுப்பதையும், மற்றவர் அந்த ஒப்புக்கொடுத்தலைப் பொறுப்போடு கையேற்பதையுமே இங்கே பணிவு என்றும் ஆளுகை என்றும் குறிப்பிடுகிறோம். இணையத்தில் பழகியவர்கள் முன்னவரை ‘சப்’ என்றும் பின்னவரை ‘டொம்’ என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் பல ஆண்டுகளாகப் புத்தகங்களைக் கைமாற்றி வாசித்து, வாசித்ததைப் பற்றிக் கதைத்து வருகிறோம். புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைப்பதே நோக்கம். படுக்கையறை விவரணைகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

இவர்கள் வாசிப்பவை எல்லாம் காமக் கதைகள்தானா?

இல்லை. எங்களுக்குள் அதிகம் கைமாறியவை சரித்திர நாவல்களும் இதிகாச மறுகூறல்களும் மாய உலகக் கதைகளுமே. ஒருவர் இன்னொருவர் முன் தலை தாழ்த்தும் கணம் எந்தக் கதையில் கவனமாக எழுதப்பட்டிருக்கிறதோ, அந்தக் கதை எங்கள் கைக்கு வந்துவிடும். அதில் முத்தம்கூட இல்லாமல் இருக்கலாம்.

கல்கியின் பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்த நாவலை எங்கள் அம்மாமாரும் அம்மம்மாமாரும் வாசித்தார்கள். அதில் காம நூல் என்று சொல்லத்தக்க ஒரு பக்கமும் இல்லை. ஆயினும் போர்க்களங்களில் அறுபத்து நான்கு விழுப்புண் பட்ட பெரிய பழுவேட்டரையர், சோழநாட்டுப் பொக்கிஷத்தைக் கையில் வைத்திருப்பவர், நந்தினியின் ஒரு பார்வைக்கு முன் குழைந்து நிற்கும் இடங்களை எங்கள் வாசகர்கள் மடித்து வைத்து வாசிக்கிறார்கள். அவருடைய அதிகாரத்துக்கு அடையாளமான பனை இலச்சினை மோதிரத்தை அவள் தன் விருப்பப்படி இன்னொருவனுக்கு எடுத்துக் கொடுக்கிறாள். பனையூரான எங்களுக்கு அந்த இலச்சினையின்மேல் தனிப் பிரியம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால், அந்த உறவில் தாம் எதற்காக ஆளப்படுகிறோம் என்பது கிழவருக்குத் தெரியாது. தெரியாமல் பணிபவரின் கதை ஏமாற்றத்தின் கதையாகத்தான் முடியும் என்பதால், நாங்கள் அதை ரசித்தாலும் முன்மாதிரியாகக் கொள்வதில்லை.

இது மேற்கிலிருந்து வந்த பழக்கம் அல்லவா? தமிழில் இதற்கு இடம் உண்டா?

சொற்கள் மேற்கிலிருந்து வந்தவை. பொருள் பழையது. தொல்காப்பியப் பொருளியலில் ஒரு நூற்பா இருக்கிறது:

‘மனைவி உயர்வும் கிழவோன் பணிவும்
நினையுங் காலைப் புலவியுள் உரிய.’

இல்லத்தில் ஊடல் நிகழும் பொழுதில் மனைவி உயர்ந்து நிற்பதும் தலைவன் பணிந்து நிற்பதும் பொருந்தும் என்பது கருத்து. இதை முதன்முதலில் கண்டபோது ‘உயர்வு’, ‘பணிவு’ என்ற இரு சொற்களும் எதிரெதிரே வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்து வியந்தேன். பிறகுதான் ‘புலவியுள்’ என்ற சொல்லின் எடை விளங்கியது. எப்போதும் என்று இலக்கண ஆசிரியர் சொல்லவில்லை. ஊடல் என்ற வேலிக்குள் மட்டும், அது தொடங்கி முடியும் வரைக்கும், என்கிறார். வேலி போட்டு வைத்த இந்தப் பணிவுதான் எங்கள் வாசகர்கள் கதைகளில் தேடுவது.

குறுந்தொகையின் 8ஆம் பாடல், ஆலங்குடி வங்கனார் பாடியது, இதே பொருளைக் கேலியாகக் காட்டுகிறது. பரத்தை பேசுகிறாள். எங்கள் வீட்டில் வந்து பெரிய வார்த்தைகள் பேசிய மனிதன், தன் வீட்டில் ‘கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை போல’ மகனின் தாய்க்கு வேண்டியதை எல்லாம் செய்கிறான் என்கிறாள். ஆடி என்பது கண்ணாடி. கண்ணாடி முன் நிற்பவர் கையைத் தூக்கினால் உள்ளே இருக்கும் பாவையும் கையைத் தூக்கும். காலைத் தூக்கினால் காலைத் தூக்கும். வெளியே வீறாப்பாகவும் வீட்டுக்குள் ஒருத்திக்கு நிழலாகவும் இருக்கும் ஆணை இதைவிடச் சுருக்கமாக எழுதிய வேறெவரையும் நான் வாசித்ததில்லை. பரத்தை அதை இழிவாகச் சொல்கிறாள். எங்கள் வட்டத்தில் சிலர் அதே வரியை ஆசையோடு வாசிக்கிறார்கள். வரி ஒன்றுதான், வாசிப்பவரைப் பொறுத்து அதன் சுவை மாறுகிறது.

திருக்குறளும் இரு பக்கமும் நிற்கிறது. பொருட்பாலில் பெண்வழிச்சேறல் என்ற 91ஆம் அதிகாரம், மனைவி சொல்லுக்கு அஞ்சி நடப்பவனைக் கடிந்துகொள்கிறது. காமத்துப்பாலின் கடைசி அதிகாரமான ஊடலுவகையிலோ ‘ஊடலில் தோற்றவர் வென்றார்’ என்று 1327ஆம் குறள் சொல்கிறது. ஊருக்கு முன் அரசும் பொருளும் நடத்தும் ஆளுக்கு ஒரு நீதி, காதலரின் தனிமைக்கு வேறொரு நீதி என்று பால் பிரித்து வைத்திருப்பதாகவே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அளவையும் வள்ளுவரே சொல்லிவிடுகிறார்: புலவி உணவுக்கு உப்புப் போன்றது, நீளவிட்டால் உப்புக் கூடியதுபோல் ஆகிவிடும் என்கிறது 1302ஆம் குறள்.

மேற்குலக நூல்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

லெயோபோல்ட் ஃபொன் சாகர்-மசோக் 1870இல் வெளியிட்ட ‘வீனஸ் இன் ஃபர்ஸ்’ என்ற சிறு நாவலிலிருந்து. செவெரின் என்ற இளைஞன், வாண்டா என்ற விதவையிடம் தன்னை முழுவதுமாக ஒப்புக்கொடுக்க ஆசைப்படுகிறான். இருவரும் ஒப்பந்தம் எழுதுகிறார்கள். அவன் பெயர் கிரெகொர் என்று மாறுகிறது. அவள் ரயிலின் முதலாம் வகுப்பில் இருக்க, அவன் மூன்றாம் வகுப்பில் வேலைக்காரனாகப் பயணம் செய்கிறான். அடிக்கும் காட்சிகளைவிட, ‘நீ உண்மையிலேயே இதை விரும்புகிறாயா?’ என்ற தயக்கமே அந்த நாவலில் அதிக பக்கங்களை எடுத்துக்கொள்கிறது. கேட்டவன் அவன், கொடுத்துப் பழகியவள் அவள். யார் யாரை ஆள்கிறார் என்ற கேள்வி பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறுகிறது.

இந்த நூலை வாசிப்பவர்கள் அதன் பின்னணியையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்துவேன். 1869இல் மசோக், ஃபனி பிஸ்டோர் என்ற பெண்ணோடு உண்மையாகவே ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். அதன்படி அவர் அவளுக்கு ஆட்பட்டிருக்கும் காலம் ஆறு மாதம்; ஆனால், தம் வேலைக்காக நாளுக்கு ஆறு மணித்தியாலம் அவருக்கே உரியது. நாவலில் வரும் ஒப்பந்தத்திலோ அப்படி ஓர் எல்லையும் இல்லை. வாண்டா விரும்பினால் செவெரினின் உயிரையே எடுக்கலாம். நாவல் முறிவில் முடிகிறது. எழுதியவர் தம் வாழ்க்கையில் போட்டுக்கொண்ட வேலியைத் தம் கதாநாயகனுக்குக் கொடுக்கவில்லை. கதை ஏன் அப்படி முடிகிறது என்பதற்கு அந்த வேறுபாட்டிலேயே விடை கிடைக்கிறது. உரிமையிலும் கல்வியிலும் உழைப்பிலும் ஆணுக்குச் சமமாகும்போதுதான் பெண் அவனுக்குத் தோழியாக முடியும் என்று செவெரின் முடிவில் சொல்வதையும் தவறவிடாதீர்கள். 1890இல் கிராஃப்ட்-எபிங் என்ற உளமருத்துவர், எழுத்தாளர் உயிரோடிருந்தபோதே அவர் பெயரிலிருந்து ‘மசோகிசம்’ என்ற நோய்ப்பெயரை உருவாக்கிவிட்டார். ஒரு நாவலாசிரியருக்கு நேர்ந்த பெரிய அநீதியாகவே அதை நான் கருதுகிறேன்.

அடுத்ததாக, 1954இல் பிரெஞ்சில் போலீன் ரேயாஜ் என்ற புனைபெயரில் வெளியான ‘ஓ-வின் கதை’. அதை எழுதியவர் ஆன் தெக்லோ என்ற பெண் என்பது 1994இல்தான் வெளிவந்தது. ஷான் போலான் என்ற தம் காதலர் ஒருவருக்காகவே அதை எழுதத் தொடங்கினார். அதைக் கனவாக வாசிக்க வேண்டும். மனம் தனிமையில் எதையும் கற்பனை செய்யலாம். நடப்பு வாழ்க்கைக்கு அந்த நூலில் எடுத்துக்கொள்ளத்தக்க ஒழுங்கு எதுவும் இல்லை. கனமான நூல். முதல் நூலாகக் கையில் எடுக்க வேண்டாம்.

மாய உலகக் கதை பிடிக்கும் என்றால் ஜாக்லின் கேரி 2001இல் வெளியிட்ட ‘குஷியல்ஸ் டார்ட்’ சரியான தெரிவு. அதன் நாயகி வலியில் இன்பம் காணும்படி பிறந்தவள். அதே நேரத்தில் கூர்மதியுள்ள ஒற்றர். அவளுடைய உலகத்தில் எவரும் மீறக்கூடாத நிறுத்தச் சொல் ஒன்று உண்டு. கதை நடத்தும் சூழ்ச்சிகளுக்கு நடுவே அந்தச் சொல்லும் ஒரு கதாபாத்திரம்போல வளர்ந்துகொண்டே போவது வாசிக்க அருமையாக இருக்கும்.

‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஒஃப் கிரே’ ஏன் இந்தப் பட்டியலில் முன்னால் இல்லை?

ஈ. எல். ஜேம்ஸ் எழுதி 2011இல் வெளிவந்த அந்த நாவல்தான் பலருக்கு இந்த உலகத்தின் வாசலாக இருந்தது. அதற்காக அதைக் குறைத்துப் பேச மாட்டேன். குறை வேறிடத்தில் இருக்கிறது. நாயகன் அவளுடைய கைத்தொலைபேசி எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கிறான். தொடரின் அடுத்த பாகத்தில் அவள் வேலை செய்யும் நிறுவனத்தையே வாங்கிவிடுகிறான். ஒப்பந்தம் பற்றி நிறையப் பேச்சு வருகிறது. அவள் அதில் கையெழுத்திடுவதே இல்லை. அவன் விருப்பம் குழந்தைக் காலத்துக் காயத்தின் விளைவு என்றும், காதல் வந்தால் அது ஆறிவிடும் என்றும் கதை காட்டுகிறது. இவ்வகை உறவில் மகிழ்ச்சியாக வாழ்பவர்களுக்கு அந்தக் கடைசிக் கருத்துத்தான் அதிகம் நோகும்.

இணையத்தில் வரும் தமிழ் ‘ஆன்டி ஹீரோ’ கதைகள் இதே வகைதானே?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பிரதிலிபி போன்ற தளங்களில் நாள்தோறும் வரும் தொடர்களில் கோபக்கார நாயகன், கட்டாயத் திருமணம், கன்னத்தில் விழும் அறை, பிறகு மெல்ல மலரும் காதல் என்ற வரிசை பழகிப்போன ஒன்று. அவற்றை விரும்பி வாசிக்கும் பெண்கள் எங்கள் வட்டத்திலும் இருக்கிறார்கள். நானும் இரவு ஒரு மணி வரைக்கும் அடுத்த அத்தியாயத்துக்காகக் கண்விழித்திருக்கிறேன். அந்த ஆசையைக் குற்றமாகப் பார்க்கத் தேவையில்லை. அறை விழும் காட்சியில் மனம் படபடப்பது ஒன்று. அறைபவனை நல்ல கணவன் என்று நம்புவது வேறொன்று. வாசித்து முடித்தபின் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அவள் ‘போதும்’ என்று சொல்லியிருந்தால் அவன் நிறுத்தியிருப்பானா? பெரும்பாலான தொடர்களில் விடை ‘இல்லை’ என்றே வரும். அப்போது நீங்கள் வாசித்தது வன்முறைக் கதை. எங்கள் வாசகர்கள் தேடும் ஆளுகைக் கதை வேறு.

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. பெண் ஆளும் வீட்டை ‘அல்லி ராச்சியம்’ என்று சொல்வோம். அந்தச் சொல் பிறந்த அல்லி அரசாணி மாலை முன்பு பெரிய எழுத்துப் புத்தகமாக வீடுகளில் இருந்தது. மதுரையில் பெண்படையோடு ஆளும் அரசி, ஆண்களை அண்டவிடாதவள். அவளை அருச்சுனன் எப்படி அடைகிறான்? பாம்பாக உருமாறி உள்ளே நுழைந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். ஆளும் பெண்ணைப் பற்றிய எங்கள் மிகப் பிரபலமான கதை, அவள் சம்மதம் கேட்கப்படாத கதை. அல்லி விழித்தெழுந்து சீறும் பகுதிகளில் மனம் முழுக்க அவள் பக்கமே நிற்கிறது. அந்தப் பகுதிகளுக்காகவே அதைத் திரும்பவும் வாசிக்கலாம்.

பாரதியின் பாஞ்சாலி சபதத்தையும் இதோடு சேர்த்து வாசிக்கச் சொல்வேன். ‘நாயகர் தாம் தம்மைத் தோற்றபின் என்னை நல்கும் உரிமை அவர்க்கில்லை’ என்று அவள் கேட்பது, சம்மதம் என்றால் என்ன என்பதைத் தமிழில் கேட்ட கேள்விகளிலேயே ஆகக் கூர்மையானது. தன்னை இன்னொருவருக்குக் கொடுக்கும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு, கணவனுக்குக்கூட இல்லை.

காமசூத்திரம் ஓய்வு வாசிப்புக்கு உகந்ததா?

உகந்தது, ஆனால் படங்கள் நிரம்பிய மலிவுப் பதிப்புகளை விட்டுவிடுங்கள். 1883இல் வந்த பர்ட்டன் மொழிபெயர்ப்புப் பழையது. வெண்டி டோனிகரும் சுதீர் கக்கரும் 2002இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு நம்பத்தக்கது. வாத்ஸ்யாயனர் இரண்டாம் அதிகரணத்தில் நகக்குறி, பற்குறி, அடித்தல் ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனி அத்தியாயம் வைத்திருக்கிறார். அடித்தலைப் பற்றிய அத்தியாயத்தில் அவர் தரும் எச்சரிக்கையில் தமிழ் வாசகர் நின்றுவிடுவார்: சோழ அரசன் ஒருவன் சித்திரசேனை என்ற கணிகையைக் காம மயக்கத்தில் இத்தகைய அடி ஒன்றால் கொன்றுவிட்டான் என்கிறார். ஆசையின் வேகத்தில் ஓடும் குதிரை குழியைப் பார்க்காததுபோல் காதலரும் ஆபத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று அவர் எழுதியதை, நவீனக் கையேடு எதற்கும் குறையாத பாதுகாப்புக் குறிப்பாகவே நான் வாசிக்கிறேன்.

உங்கள் எழுத்தில் ‘அடிமை’ என்ற சொல்லைத் தவிர்க்கிறீர்களே, ஏன்?

ஆங்கிலக் கதைகளில் அந்தச் சொல் விளையாட்டாக வருகிறது. யாழ்ப்பாணத்தில் அது விளையாட்டுச் சொல்லாக இருந்ததில்லை. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகள் உண்டு. 1844இல் இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயினும் ‘அடிமை குடிமை’ என்ற பேச்சும், அந்தப் பேச்சைத் தாங்கி நின்ற சாதி ஒடுக்குமுறையும் அதற்குப் பின்னும் நெடுங்காலம் இங்கே இருந்தன. யாரை முற்றத்தோடு நிறுத்தினார்கள், யாருக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்த்தார்கள் என்பது பலருடைய வீட்டு நினைவு. எங்கள் வட்டத்துக்கு வந்த ஒருவர், ஒரு மொழிபெயர்ப்புக் கதையில் ஒருவன் நிலத்தில் இருந்து சாப்பிடும் காட்சியை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார். ‘என்ரை அப்புவை இப்பிடித்தான் இருத்தினவை’ என்றார். அன்றைக்கு அதற்கு மேல் எவரும் எதுவும் பேசவில்லை. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை இவ்வகைக் கதைகளோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்று அதன் பிறகுதான் முடிவெடுத்தோம். விருப்பம் கேட்கப்படாத பணிவு எப்படி இருக்கும் என்பதை அறியாதவர், விருப்பத்தோடு வரும் பணிவின் அருமையையும் அறிய மாட்டார்.

போர்க்காலமும் இப்படித்தான். கைகளைக் கட்டுதல், முழந்தாளில் இருத்துதல், விசாரித்தல் ஆகிய சொற்கள் சிலருக்கு உடம்பின் நினைவைத் தொட்டுவிடும். ஆகவே, புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் அதில் என்ன வருகிறது என்பதை ஒரு துண்டில் எழுதி உள்ளே வைக்கிறோம். வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பவரிடம் காரணம் கேட்பதில்லை.

பக்தி இலக்கியத்தில் வரும் ஆட்படுதலும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல, இரண்டையும் குழப்பி எவருடைய மனத்தையும் நோகடிக்க விரும்பவில்லை. எனினும் ‘ஆள்’, ‘ஆட்கொள்ளுதல்’, ‘ஆட்செய்தல்’ என்ற சொற்களுக்கு இவ்வளவு இனிமை வந்தது தேவாரத்தாலும் திருப்பாவையாலும்தான். சுந்தரரின் திருமணப் பந்தலில் கிழவர் ஒருவர் அடிமை ஓலையோடு வந்து நிற்கிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். மூல ஓலை வேறிடத்தில் இருக்கிறது என்று வழக்குத் திருவெண்ணெய்நல்லூருக்குப் போகிறது. கடைசியில் ‘ஆளாய் இனி அல்லேன் எனலாமே’ என்று அவரே பாடுகிறார். எதிர்த்தவர் தம் வாயால் ஒப்புக்கொள்வதில் உள்ள சுவையைச் சேக்கிழார் நன்றாக அறிந்திருந்தார்.

யாழ்ப்பாணத் தமிழிலேயே இப்படிக் கதை எழுத முடியுமா?

முடியும். ஆங்கிலத்தால் முடியாத ஒன்றையும் அதில் செய்யலாம். எங்கள் பேச்சில் முன்னிலைக்கு மூன்று படிகள் இருக்கின்றன: நீ, நீர், நீங்கள். ‘இரு’, ‘இரும்’, ‘இருங்கோ’. பிற ஊர்களில் அருகிவிட்ட அந்த நடுப்படி எங்கள் வீடுகளில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. நண்பர்களும் கணவன் மனைவியரும் ‘நீர்’ என்று பேசிக்கொள்கிறார்கள். யார் யாரை எந்தப் படியில் வைத்து அழைக்கிறார் என்பதைக் கேட்டாலே அந்த வீட்டின் ஆட்சிமுறை விளங்கிவிடும். இவ்வளவு நுண்ணிய கருவி கையில் இருக்கும்போது சங்கிலியும் சவுக்கும் கதைக்கு எதற்கு?

எங்கள் வட்டத்தில் ஒருவர் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்த கதையைச் சொல்கிறேன். கணவர் பாடசாலை உப அதிபர்; ஊரே அவரைச் ‘சேர்’ என்று அழைக்கும். மனைவி பகல் முழுவதும் ‘இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது’ என்று பன்மையில் பேசுகிறாள். இரவு, பிள்ளைகள் உறங்கியபின், அறைக் கதவின் கொண்டியைப் போட்டுவிட்டுத் திரும்புகிறாள். ‘இரும்’ என்கிறாள். அவர் கட்டிலின் விளிம்பில் இருக்கிறார். அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு ‘கீழை இரு’ என்கிறாள். அவ்வளவுதான், ‘இரும்’ என்பது ‘இரு’ ஆனதைத் தவிர அந்த அறையில் வேறெதுவும் நடக்கவில்லை. அதை அவர் வாசித்துக் காட்டியபோது நாங்கள் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். கதையின் கடைசி வரியில் அவள் கொண்டியை எடுத்துவிட்டு, அவருக்குக் கை கொடுத்து எழுப்பி, ‘வாங்கோ, தண்ணி குடியுங்கோ’ என்கிறாள். பன்மை திரும்பி வந்துவிட்டது. தொல்காப்பியர் சொன்ன ‘புலவியுள்’ அங்கே முடிகிறது. ஆங்கிலத்தில் ‘ஆஃப்டர்கெயார்’ என்று தனிச்சொல் வைத்து விளக்கும் பின்னரவணைப்பை அந்த ஒரு ‘ங்கோ’ செய்துவிட்டது.

இவற்றை விரும்பி வாசிப்பது மனநோயா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், சம்மதத்தோடு நடக்கும் இவ்வகை விருப்பங்கள் நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. சம்மதமற்றவரைத் துன்புறுத்தும் நாட்டம் மட்டும் அதில் நிற்கிறது. விருப்பத்தால் உங்களுக்கே மன உளைச்சல் இருந்தால் மருத்துவரிடம் பேசலாம். அந்த உளைச்சலில் எவ்வளவு விருப்பத்தால் வந்தது, எவ்வளவு ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தால் வந்தது என்பதையும் அவரோடு சேர்ந்து பிரித்துப் பாருங்கள்.

கூட்டுக் குடும்பத்தில் இருந்துகொண்டு எப்படி வாசிப்பது? சட்டச் சிக்கல் உண்டா?

கொப்பிக்கு உறை போடும் பழுப்புத் தாளால் உறை போட்ட புத்தகத்தை எங்கள் வீடுகளில் ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. பாடப்புத்தகம் என்று விட்டுவிடுவார்கள். கைத்தொலைபேசியில் வாசிப்பவர்கள் அதைப் பிள்ளைகளும் எடுப்பார்கள் என்பதை நினைவில் வைத்துப் பூட்டிட்ட கோப்பில் வையுங்கள். சட்டத்தைப் பொறுத்தவரையில், 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இலங்கையில் இன்றும் உள்ளது; ஆபாசமானவற்றை விற்பதும் விநியோகிப்பதும் பகிரங்கமாகக் காட்டுவதும் அதன் கீழ் குற்றம். ஆகவே, வட்ஸ்அப் குழுக்களில் கதைகளையும் படங்களையும் பரப்ப வேண்டாம். கேட்காத ஒருவருக்கு அனுப்புவது சட்டத்துக்கு முன்பே எங்கள் ஒழுங்குக்கு விரோதம். வாசிப்பிலும் சம்மதம் வேண்டும்.

திருமணம் நிச்சயமாகிவிட்டது. புத்தகங்களை எரித்துவிடலாமா?

எரிக்க வேண்டாம். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊர் இது. வீட்டில் வைத்திருக்க முடியாவிட்டால் நம்பிக்கையான வாசகர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பின்னொரு நாள் திரும்பக் கேட்டால் தருவார்.

துணைவரிடம் இந்த விருப்பத்தை எப்படிச் சொல்வது?

புத்தகம் நல்ல தூதுவர். ஆனால், எந்த விளக்கமும் இல்லாமல் ஒரு முழு நாவலைக் கையில் திணித்தால், அதில் உள்ள அத்தனையையும் நீங்கள் கேட்பதாக அவர் பயந்துவிடுவார். உங்களுக்குப் பிடித்த ஒரு பக்கத்தை மட்டும் காட்டுங்கள்; பிடிக்காத இன்னொரு பக்கத்தையும் காட்டி, ‘இது எனக்கு வேண்டாம்’ என்று சொல்லுங்கள். பிறகு கேளுங்கள், வற்புறுத்தாதீர்கள், ‘இல்லை’ என்ற பதிலை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். எங்களிடம் மசோக்கின் நாவலை இரவல் வாங்கிப்போன ஒரு பெண், இரண்டு மாதம் கழித்துத் திருப்பித் தந்தார். அவருக்காக நான் துண்டில் எழுதி உள்ளே வைத்த குறிப்பில், ‘நாளுக்கு ஆறு மணித்தியாலம்’ என்ற சொற்களுக்குக் கீழே பென்சிலால் மெல்லிய கோடு இழுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் ‘எனக்கு எட்டு’ என்று எழுதியிருந்தது. அந்தத் துண்டை எடுக்காமல் அப்படியே புத்தகத்துக்குள் விட்டு வைத்திருக்கிறேன்.

சம்மதம் இல்லாமல் அடிப்பவர், காசைப் பறித்து வைத்திருப்பவர், வெளியே போகவிடாதவர் ‘இது ஆளுகை’ என்று சொன்னால் நம்பாதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான தேசிய உதவி இலக்கம் 1938.

நூல்களை எங்கே பெறுவது?

தொல்காப்பியம், குறுந்தொகை, திருக்குறள், பாஞ்சாலி சபதம், பொன்னியின் செல்வன் ஆகியவை 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மசோக்கின் நாவல் காப்புரிமை முடிந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பைக் குட்டன்பேர்க் திட்டத்தில் தரவிறக்கலாம். ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். எதுவும் கைக்கு எட்டாத நாளில் குறுந்தொகையின் 8ஆம் பாடல் இருக்கிறது. ஆறே அடி, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம்.